சின்னங்களை எங்கிருந்து மாற்றத் தொடங்குவது? டெபியன், கேடிஈ பிளாஸ்மாவுக்கு முழுமையான வழிகாட்டி

டெபியன் 13 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை, கேடிஈ பிளாஸ்மா என்ற மேசைத்திரைச் சூழலோடு நிறுவிய கணினியை இயக்கினால், மேசைத்திரை வருவதற்குள் ஐந்தாறு சின்னங்கள் கண்ணில் படும். முதலில் கணினி தயாரித்த நிறுவனத்தின் சின்னம். அப்புறம் எந்த இயங்குதளத்தைத் தொடங்குவது என்று கேட்கும் க்ரப் மெனுவின் பின்னணி, கணினி தொடங்கும்போது பிளைமவுத் என்ற நிரல் காட்டும் பூட் படம், நுழைவுத் திரை, பிளாஸ்மாவின் வரவேற்புத் திரை, மெனு பொத்தானின் ஐகான். உள்ளே போனால் லிப்ரே ஆபிஸின் தொடக்கப் படம், படம் திருத்தும் கிம்ப்பின் சின்னமான வில்பர், விஎல்சியின் ஆரஞ்சு கூம்பு என்று வரிசை நீளும்.

இவற்றை மாற்ற வருபவர்கள் பெரும்பாலும் கண்ணில் படும் அதே வரிசையில்தான் தொடங்குகிறார்கள். முதல் நாளே க்ரப்பில் கை வைத்துவிடுகிறார்கள். நான் சொல்வது நேர் எதிர் வரிசை: மேசைத்திரையில் தொடங்கி வெளிப்பக்கமாகப் போங்கள். மேசைத்திரையில் செய்யும் மாற்றம் உங்கள் கணக்கோடு நின்றுவிடும். பிழையானால் ஒரு கோப்பை அழித்துச் சரிசெய்யலாம். பூட் பக்கம் பிழையானால் கணினிக்குள் நுழைவதே சிரமமாகிவிடும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

டெபியனின் லைவ் யூஎஸ்பி ஒன்று. எட்டாவது படிக்கு அப்பால் போகும் எண்ணம் இருந்தால் இது இல்லாமல் தொடங்க வேண்டாம்.

டைம்ஷிஃப்ட் என்ற காப்புப்படிக் கருவி மூலம் ஒரு ஸ்னாப்ஷாட் (சிஸ்டத்தின் இப்போதைய நிலையின் படி). அது இயல்பாக உங்கள் ஹோம் கோப்புறையைச் சேர்க்காது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பிளாஸ்மாவின் அமைப்புகள் இருப்பதோ அங்கேதான். எனவே ஹோமுக்குள் புள்ளியில் தொடங்கும் கான்ஃபிக் கோப்புறையைத் தனியாகப் படியெடுத்து வையுங்கள். கோப்பு மேலாளரான டால்ஃபினில் கண்ட்ரோலையும் ஹெச்சையும் சேர்த்து அழுத்தினால் அந்தக் கோப்புறை தெரியும்.

சோதனைக்கு இன்னொரு பயனர் கணக்கு. 'இது என் மாற்றத்தால் வந்ததா, முதலிலிருந்தே இப்படித்தானா?' என்ற குழப்பம் நிச்சயம் வரும். எதையும் தொடாத கணக்கு ஒன்று இருந்தால் அதில் நுழைந்து ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

நிர்வாகி உரிமை. டெபியனை நிறுவும்போது ரூட் (தலைமை நிர்வாகி) கடவுச்சொல் கொடுத்திருந்தால், நிர்வாகிக் கட்டளைகளை ஓட்ட அனுமதிக்கும் சூடோ குழுவில் உங்கள் கணக்கு இருக்காது. அப்போது 'சு' என்று மட்டும் தட்டி ரூட் ஆகாதீர்கள். ஓர் இடைவெளி விட்டு சிறுகோடும் சேர்த்துத் தட்டுங்கள். கோடு இல்லாவிட்டால் ரூட்டின் பாதைகள் ஏறாது. பின்னால் வரும் அப்டேட்-க்ரப் போன்ற கட்டளைகள் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று நின்றுவிடும். இந்தக் கட்டத்தில் க்ரப்பையே திரும்ப நிறுவக் கிளம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்.

2. எதை மாற்றுவது, எதை விடுவது

எல்லாச் சின்னமும் வெறும் அலங்காரம் இல்லை. கிம்ப்பின் கருவிப்பெட்டி மேலே வில்பரின் உருவத்தைக் காட்டச் சொல்லும் தேர்வு ஒன்று அமைப்புகளில் உண்டு. படக் கோப்பை இழுத்து வந்து அந்த உருவத்தின் மேல் விட்டால் அது திறக்கும். அந்த உருவம் ஒரு பொத்தான்போலத்தான். அதை எடுத்தால் அந்த வசதியும் போய்விடும்.

கேடிஈ செயலிகளின் ஹெல்ப் மெனுவில் அபவுட் கேடிஈ என்று ஒன்று இருக்கிறது. அதைத் திறந்தால் பச்சை டிராகன் கோன்கி நிற்கும். இது செயலிகள் பொதுவாகப் பயன்படுத்தும் லைப்ரரிக்குள் இருப்பது. இதை எடுக்க மூலநிரலைத் திருத்தித் தொகுக்க வேண்டும். அது உழைத்தவர்களைப் பற்றிச் சொல்லும் இடம், நாள்தோறும் கண்ணில் படுவதும் இல்லை. விட்டுவிடுங்கள்.

தினமும் நேரத்தைத் தின்னும் படங்கள், கவனத்தைக் கலைக்கும் படங்கள், அலுவலக வேலையில் பொருந்தாத படங்கள்: இந்த மூன்றை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பட்டியல் நீங்கள் நினைத்ததைவிடச் சிறியதாகவே இருக்கும்.

3. குளோபல் தீமை முதலில் முடித்துவிடுங்கள்

சிஸ்டம் செட்டிங்ஸில் கலர்ஸ் அண்ட் தீம்ஸ் பகுதிக்குள் குளோபல் தீம் இருக்கும். நிறம், ஐகான், ஜன்னல் சட்டம், வரவேற்புத் திரை எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் மாற்றுவது இது. வேண்டுமென்றால் இதை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யுங்கள். ஐகானையும் பேனலையும் பொறுமையாக அமைத்துவிட்டுக் கடைசியில் குளோபல் தீமைப் போட்டால், முந்தைய வேலை அத்தனையும் அழிந்துபோகலாம்.

தீமைப் போடும்போது எவற்றை மாற்றலாம் என்று ஒரு பெட்டி கேட்கும். தோற்றத்துக்கான குறியை மட்டும் வையுங்கள். லேஅவுட் சம்பந்தப்பட்ட குறியை எடுத்துவிடுங்கள். அது இருந்தால் உங்கள் பேனல் போய், தீம் செய்தவரின் பேனல் வந்து உட்காரும்.

அடுத்தது பாதுகாப்பு. இணையத்திலிருந்து இறக்கும் குளோபல் தீம் வெறும் படங்களின் கட்டு அல்ல. அதற்குள் நிரலும் ஓடலாம். 2024 மார்ச்சில் கேடிஈ ஸ்டோரில் இருந்த ஒரு குளோபல் தீம், நிறுவிய ஒருவருடைய கோப்புகளையே அழித்துவிட்டது. செய்தவருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை, மோசமாக எழுதிய நிரல் அது. ஆனாலும் போன கோப்பு போனதுதான். நிறத் திட்டமும் வால்பேப்பரும் மட்டும் போதும் என்றால் அவற்றைத் தனித்தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். குளோபல் தீம் தேவையே இல்லை. அப்படியும் வேண்டும் என்றால் முதலில் சோதனைக் கணக்கில் போட்டுப் பாருங்கள்.

4. மெனு பொத்தானும் வரவேற்புத் திரையும்

மெனு பொத்தானில் வலச்சொடுக்கு செய்து, கான்ஃபிகர் அப்ளிகேஷன் லாஞ்சர் போய், ஐகானைச் சொடுக்கினால் வேறு படம் தேர்ந்தெடுக்கலாம். வேலை அவ்வளவுதான். தவறு நடப்பது படம் இருக்கும் இடத்தில். டவுன்லோட்ஸ் கோப்புறையிலிருந்து நேராகப் படத்தைத் தேர்ந்தெடுப்பார்கள், ஒரு மாதம் கழித்து அந்தக் கோப்புறையைச் சுத்தம் செய்வார்கள், பொத்தான் வெறுமையாகிவிடும். பிளாஸ்மா நினைவில் வைத்திருப்பது படத்தை அல்ல, அதன் பாதையை. இப்படிப்பட்ட படங்களுக்கென்று ஹோமில் ஒரு நிரந்தரக் கோப்புறை வைத்து, அங்கே நகர்த்திய பிறகு தேர்ந்தெடுங்கள். முடிந்தால் எஸ்விஜி வடிவில் இருக்கட்டும். பேனலின் உயரத்தை மாற்றினாலும் மங்காது.

வரவேற்புத் திரைக்கு, அதே கலர்ஸ் அண்ட் தீம்ஸ் பகுதியில் ஸ்பிளாஷ் ஸ்க்ரீன் போய் 'நன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். படம் போனாலும் பின்னணியில் நடக்கும் வேலை அதே நேரம்தான் எடுக்கும். மெதுவான கணினியில் சில நொடி வெறும் திரை தெரிந்தால் பயந்து பவர் பொத்தானை அழுத்தாதீர்கள்.

5. செயலிகளின் தொடக்கப் படங்கள்

இங்கேதான் அதிகம் இடறுகிறார்கள்.

லிப்ரே ஆபிஸ்: தொடக்கப் படத்தை நிறுத்த 'நோலோகோ' என்ற தேர்வு உண்டு, அதன் முன்னால் இரண்டு சிறுகோடுகள் வரும். மெனு பொத்தானில் வலச்சொடுக்கு செய்து எடிட் அப்ளிகேஷன்ஸ் திறந்து, செயலியைத் தேர்ந்தெடுத்து, கமாண்ட்-லைன் ஆர்க்யுமெண்ட்ஸ் பெட்டியில் அதைச் சேருங்கள். அந்தப் பெட்டியில் ஏற்கெனவே ரைட்டர் என்று குறிக்கும் சொல்லும், கடைசியில் சதவீதக் குறியோடு யு எழுத்தும் இருக்கும். எதையும் அழிக்காமல் அவற்றுக்கு முன்னால் எழுதுங்கள். அந்த சதவீதக் குறிதான் நீங்கள் இருமுறை சொடுக்கும் கோப்பின் பெயரைச் செயலிக்குக் கொண்டுபோகிறது. என்னவோ குப்பை என்று அதை அழித்தவர்கள், 'கோப்பைச் சொடுக்கினால் வெறும் பக்கம்தான் திறக்கிறது' என்று வந்து நிற்பார்கள்.

இன்னும் இரண்டு கவனிக்க வேண்டும். இணையப் பக்கத்திலிருந்தோ வாட்ஸ்அப்பிலிருந்தோ நகலெடுத்தால் இரண்டு சிறுகோடுகள் ஒரே நீளக்கோடாக மாறியிருக்கலாம். அதனால் கையால் தட்டுங்கள். ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ் ஒவ்வொன்றுக்கும் தனி மெனு உள்ளீடு இருப்பதால், லிப்ரே ஆபிஸ் என்ற ஒன்றை மட்டும் மாற்றினால் போதாது.

மெனு எடிட்டர் வழியாக ஏன் போகச் சொல்கிறேன்? அது சிஸ்டத்தில் உள்ள கோப்பைத் தொடாமல், திருத்திய படியை உங்கள் ஹோமுக்குள் வைக்கிறது. பிளாஸ்மா முதலில் ஹோமில் உள்ளதைத்தான் பார்க்கும். யூஎஸ்ஆர் கோப்புறைக்குள் போய் மூலக் கோப்பையே திருத்தினால், அடுத்த அப்டேட்டில் உங்கள் மாற்றம் அழிந்துவிடும். கணினியின் எல்லாப் பயனர்களுக்கும் படம் வேண்டாம் என்றால் மட்டும் எட்சி என்ற சிஸ்டம் கோப்புறையில், லிப்ரே ஆபிஸ் கோப்புறைக்குள் உள்ள எஸ்ஆபிஸ்ஆர்சி கோப்பில் லோகோ என்ற வரியின் 1-ஐ 0 ஆக்குங்கள். எட்சியில் உள்ளது அமைப்புக் கோப்பு. நீங்கள் திருத்திய அமைப்புக் கோப்புக்குப் புதுப் பதிப்பு வந்தால், டெபியன் உங்களைக் கேட்காமல் அதன் மேல் எழுதாது.

கிம்ப்: தொடக்கப் படத்தை அணைக்க 'நோ-ஸ்பிளாஷ்', முன்னால் அதே இரண்டு கோடுகள். மாற்ற மட்டும் விரும்பினால் இன்னும் எளிது: கான்ஃபிக் கோப்புறையில் கிம்ப்புக்குள், பதிப்பு எண் உள்ள கோப்புறையில், ஸ்பிளாஷஸ் என்று ஒரு கோப்புறை. அதில் உங்கள் படங்களைப் போட்டால், ஒவ்வொரு முறையும் அவற்றில் ஒன்றை எடுத்துக் காட்டும். பயனர் விருப்பத்துக்குக் கதவைத் திறந்து வைத்த மென்பொருளுக்கு இதைத்தான் உதாரணமாகச் சொல்வேன்.

விஎல்சி: பிரிஃபரன்சஸ் திறந்து, கீழே 'ஆல்' என்பதைத் தேர்ந்தெடுத்து, இன்டர்ஃபேஸ், மெயின் இன்டர்ஃபேசஸ், க்யூடி என்று போங்கள். பின்னணியில் கூம்பைக் காட்டும் தேர்வு அங்கே இருக்கும். டிசம்பர் கடைசியில் கூம்பு கிறிஸ்துமஸ் குல்லா போட்டுக்கொள்ளும். வைரஸ் என்று பயந்தவர்கள் உண்டு. தானாக ஐகான் மாறுவதை அனுமதிக்கும் குறியை எடுத்தால் குல்லா வராது. என்னைக் கேட்டால் அதை அப்படியே விடலாம்.

ஃபயர்பாக்ஸ்: செட்டிங்ஸில் ஹோம் போய், முகப்பையும் புதிய தாவலையும் வெற்றுப் பக்கமாக்கினால் சின்னம் தெரியாது. இதற்குமேல் கருவிப்பட்டையின் தோற்றத்தையே மாற்ற வேண்டுமென்றால் யூசர்குரோம் என்ற சிஎஸ்எஸ் கோப்பு எழுத வேண்டும். பதிப்பு 69 முதல் ஃபயர்பாக்ஸ் அதைத் தானாகப் படிப்பதில்லை. அபவுட் கான்ஃபிக் பக்கத்தில் லெகஸி யூசர் புரொஃபைல் கஸ்டமைசேஷன்ஸ் என்று தேடி அந்தத் தேர்வை இயக்க வேண்டும். இதைச் செய்யாமல் மணிக்கணக்கில் சிஎஸ்எஸ்ஸில் பிழை தேடுவார்கள். ஒவ்வொரு பெரிய அப்டேட்டிலும் கோப்பு உடையக்கூடும் என்பதால் நான் யாருக்கும் இதைப் பரிந்துரைப்பதில்லை.

6. ஐகான் தீம்: சில செயலிகள் ஏன் அசைய மறுக்கின்றன

ஐகான் தீம் மாற்றியதும் கேடிஈ செயலிகள் எல்லாம் மாறும். க்னோம் என்ற இன்னொரு மேசைத்திரைச் சூழலின் செயலிகள் பல மாறாது, அல்லது பாதி மாறும். உங்கள் தவறல்ல. 2019-இல் க்னோம் பக்கத்துச் செயலி உருவாக்குநர்கள் பலர், தங்கள் செயலிகளுக்கு டிஸ்ட்ரோக்கள் (டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்புகள்) தீம் போட வேண்டாம் என்று திறந்த கடிதம் எழுதினார்கள். ஐகான் ஒரு செயலியின் அடையாளம், அதை வேறொருவர் மாற்றினால் செயலியே வேறாகத் தெரிகிறது. தீமால் பொத்தான் மறைந்தாலும் புகார் எங்களுக்குத்தான் வருகிறது என்பது அவர்கள் வாதம். 2022-இல் க்னோம் 42 பயன்படுத்தத் தொடங்கிய லிப்அட்வைட்டா என்ற லைப்ரரி அந்த எண்ணத்தை நிரலிலேயே பதித்துவிட்டது. அதில் கட்டிய செயலிகள் வழக்கமான ஜிடிகே (க்னோம் செயலிகளைக் கட்டும் கருவித்தொகுதி) தீம்களைக் கண்டுகொள்வதில்லை.

டிஸ்ட்ரோ செய்யும் மாற்றத்தைப் பற்றிய அவர்கள் புகாரில் நியாயம் இருக்கிறது. ஆனால் என் கணினியில் எனக்காக நான் செய்யும் மாற்றத்தையும் அதே கயிற்றால் கட்டிப்போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இருந்தாலும் நடைமுறையில் இதோடு மல்லுக்கட்ட வேண்டாம். அந்தச் செயலிகளின் மெனு ஐகானை மட்டும் மெனு எடிட்டரில் மாற்றிக்கொள்ளுங்கள், உள்ளே இருப்பதை விட்டுவிடுங்கள்.

உலாவியின் ஐகானை மட்டும் இன்னொரு உலாவியின் ஐகான்போல மாற்றாதீர்கள், குறிப்பாகப் பலர் பயன்படுத்தும் கணினியில். வங்கிக் கணக்கைத் திறப்பவர் எந்த உலாவியில் இருக்கிறோம் என்று ஐகானைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்.

7. நுழைவுத் திரை

இங்கிருந்து நிர்வாகி உரிமை தேவை. கலர்ஸ் அண்ட் தீம்ஸில் லாகின் ஸ்க்ரீன் என்ற பக்கம் இருக்கிறது. தீமைத் தேர்ந்தெடுத்து, பின்னணிப் படத்தை மாற்றி, அப்ளை கொடுங்கள்.

கோப்பைக் கையால் திருத்துபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நுழைவுத் திரையை ஓட்டுவது எஸ்டிடிஎம் என்ற தனிப் பயனர். டெபியனில் புதிய பயனர்களின் ஹோம் கோப்புறைக்குள் இன்னொருவர் எட்டிப்பார்க்க முடியாது. உங்கள் பிக்சர்ஸ் கோப்புறையில் உள்ள படத்தின் பாதையைக் கொடுத்தால் நுழைவுத் திரையில் அந்தப் படம் வராது. படத்தை அந்தத் தீமின் கோப்புறைக்கே நகலெடுத்து, எல்லோரும் படிக்கும் அனுமதி கொடுங்கள்.

வெளியிலிருந்து தீம் இறக்கினால் அது க்யூடி 6-க்கு (இப்போதைய பிளாஸ்மா பயன்படுத்தும் லைப்ரரி) எழுதியதா என்று பாருங்கள். பிளாஸ்மா 5 காலத்துத் தீம்கள் பல இப்போது ஓடாது. வெளியேறிப் பார்க்காமலே சோதிக்க வழி இருக்கிறது: டெர்மினலில் எஸ்டிடிஎம்-க்ரீட்டர்-க்யூடி6 என்று தட்டி, டெஸ்ட்-மோட் தேர்வையும், தீம் தேர்வோடு கோப்புறையின் பாதையையும் கொடுத்தால் ஒரு ஜன்னலில் திறந்து காட்டும். அங்கே சரியாக வந்த பிறகே அப்ளை செய்யுங்கள்.

8. பூட் படம்

சின்னமே வேண்டாம் என்றால் தீம் தேட வேண்டியதில்லை. எட்சியில் டிஃபால்ட் கோப்புறைக்குள் க்ரப் என்ற கோப்பைத் திறந்து, லினக்ஸ் டிஃபால்ட் வரியிலிருந்து ஸ்பிளாஷ் என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு, அப்டேட்-க்ரப் ஓட்டுங்கள். இதுதான் குறைந்த ஆபத்துள்ள வழி.

படம்தான் வேண்டும் என்றால் பிளைமவுத்-செட்-டிஃபால்ட்-தீம் கட்டளை. அதோடு ஒரு சிறுகோடும் பெரிய ஆர் எழுத்தும் கட்டாயம் சேர்க்க வேண்டும். பூட் படம் வட்டில் உள்ள கோப்புறையிலிருந்து வருவதில்லை. பூட்டின் தொடக்கத்தில் நினைவகத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற கட்டுக்குள்ளிருந்து வருகிறது. ஆர் சேர்த்தால்தான் அந்தக் கட்டு புதிதாகும். சேர்க்காதவர்கள் எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் பழைய படத்தையே பார்ப்பார்கள்.

வட்டை என்க்ரிப்ட் செய்தவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். பூட்டின்போது கடவுச்சொல் கேட்கும் பெட்டியை வரைவதும் இந்தத் தீம்தான். அழகுக்காக யாரோ எழுதிய தீமில் அந்தப் பகுதியே இல்லாமல் இருக்கலாம். கணினி உங்கள் கடவுச்சொல்லுக்காகக் காத்திருக்கும், திரையில் ஒன்றும் தெரியாது. எஸ்கேப் அழுத்தினால் எழுத்துத் திரைக்குப் போகும். அதுவும் உதவவில்லை என்றால் க்ரப் மெனுவில் இ அழுத்தி, ஸ்பிளாஷ் என்ற சொல்லை நீக்கி, எஃப்10 அழுத்துங்கள். அந்த ஒரு முறைக்குப் படமில்லாமல் பூட் ஆகும்.

9. க்ரப்

பூட் கோப்புறைக்குள் உள்ள க்ரப் டாட் சிஎஃப்ஜி கோப்பைத் திருத்தாதீர்கள். அடுத்த கர்னல் அப்டேட்டில் அது புதிதாக எழுதப்படும். திருத்த வேண்டியது முன்பு சொன்ன எட்சி கோப்பையே. அதில் க்ரப் பேக்ரவுண்ட் என்ற வரியில் படத்தின் பாதையைக் கொடுத்து அப்டேட்-க்ரப் ஓட்டுங்கள். படத்தைப் பிஎன்ஜி வடிவில், பூட் கோப்புறைக்குள் வையுங்கள். என்க்ரிப்ட் செய்த ஹோமில் இருந்தால் அந்த நேரத்தில் க்ரப்பால் அதைப் படிக்க முடியாது.

டெபியனின் பழைய ஓவியம்தான் பிடித்திருக்கிறது, 12-இன் எமரால்டோ 11-இன் ஹோம்வேர்ல்டோ வேண்டும் என்பவர்களுக்குக் குறுக்குவழி இருக்கிறது. அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் கட்டளையில் கான்ஃபிக் தேர்வோடு டெஸ்க்டாப்-தீம் என்று கொடுத்து எண்ணைத் தேர்ந்தெடுங்கள். பிறகு அப்டேட்-க்ரப்.

10. தயாரிப்பாளரின் சின்னம்

பயாஸ் அமைப்பில் ஃபுல் ஸ்க்ரீன் லோகோ அல்லது க்வைட் பூட் என்று ஏதாவது இருந்தால் அணையுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஃபர்ம்வேரில் உள்ள படத்தையே மாற்றும் வெளிக் கருவிகளைத் தொட வேண்டாம். பாதியில் மின்சாரம் போனால் மதர்போர்டே போகலாம். அதோடு, 2023 டிசம்பரில் பைனார்லி நிறுவனம் லோகோஃபெயில் என்ற ஓட்டைகளை வெளியிட்டது. பூட் சின்னத்தைப் படிக்கும் நிரலிலேயே பிழை. கெட்ட எண்ணத்தோடு செய்த படம் ஒன்றைச் சின்னமாக வைத்தால் இயங்குதளம் தொடங்கும் முன்பே தாக்குதல் நடத்த முடியும். உங்கள் மாடலுக்கு ஃபர்ம்வேர் அப்டேட் வந்திருந்தால் போட்டுவிடுங்கள்.

11. மாற்றிய சிஸ்டத்தை மற்றவர்களுக்குக் கொடுப்பதானால்

உங்கள் மேசைக்கு மட்டும் என்றால் மேலே சொன்ன எதற்கும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். பள்ளி ஆய்வகத்துக்கோ வாடிக்கையாளருக்கோ ஐஎஸ்ஓவாக (நிறுவல் கோப்பாக) கொடுத்தால் கணக்கு வேறு. மென்பொருளின் உரிமம் திருத்த அனுமதிக்கும். பெயரும் சின்னமும் வணிக முத்திரைச் சட்டத்தின்கீழ் வரும். டெபியனே இதில் சிக்கியது. ஃபயர்பாக்ஸின் சின்னத்தையும் பெயரையும் பற்றி மொசில்லாவோடு ஒத்துப்போகாமல், 2006 முதல் 2016 வரை அதே உலாவியை ஐஸ்வீசல் என்ற பெயரில்தான் கொடுத்தது. நிரலைத் திருத்தினால் பெயரையும் மாற்றுங்கள், அல்லது முத்திரை விதிகளைப் படித்துவிட்டுக் கொடுங்கள். சி-டாக் என்ற அரசு ஆய்வு நிறுவனத்தின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாக வைத்துச் செய்தது பாஸ் லினக்ஸ் என்ற தனிப் பெயரில் வந்ததைப் பார்த்திருப்பீர்கள்.

பெயர் மாற்றுகிறேன் என்று ஓஎஸ்-ரிலீஸ் கோப்பில் ஐடி வரியில் மட்டும் கை வைக்காதீர்கள். வெளியிலிருந்து வரும் பல நிறுவல் ஸ்கிரிப்ட்கள் அந்த வரியைப் படித்துத்தான் இது டெபியனா என்று முடிவு செய்கின்றன. டெர்மினலில் தன் சின்னம் தெரிய வேண்டும் என்பதற்காகவே பலர் இதைச் செய்கிறார்கள். டெர்மினலில் அந்தச் சின்னத்தைக் காட்டும் ஃபாஸ்ட்ஃபெட்ச் செயலியின் அமைப்புக் கோப்பிலேயே சின்னத்தை மாற்றிக்கொள்ள இடம் இருக்கிறது, ஓஎஸ்-ரிலீஸைத் தொடத் தேவையில்லை.